திங்கட்கிழமைக்கு வைத்திருந்த அட்டை

சபையாருக்கு அறிவிப்பு. கிடர்பூர் போர்ட் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவனும், பாட்டுக் குழுவிலிருந்து இரண்டு முறை இறக்கிவிடப்பட்டவனுமாகிய நான், இன்று ஆராதனை முடிந்தபின் ஓர் அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் சந்தேஷ் என்னும் பெங்காலி இனிப்பு ஒன்றும் உட்கொண்டேன் என்று இதனால் முதலாம் முறை அறிவிக்கப்படுகிறது. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கவும்.

அக்கா, இந்நேரம் நீங்கள் என் மண்டையில் குட்டியிருப்பீர்கள். மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பதைக் கேலி செய்யாதே என்று. கேலி இல்லை. ஆலய மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்தது. எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டதல்லவா, சிங்கம்போலப் படுத்து, ஊசியைப் பார்த்துச் சிரித்து, ரத்தம் கொடுத்தேன். பஞ்சில் இருந்த ஸ்பிரிட் வாடையும் முட்டை வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். தடை உண்டா என்று பாஸ்டர் கேட்பார், சபை விசிறிக்கொண்டிருக்கும், அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். உங்கள் மூன்றாம் ஓலையன்று மட்டும் ஒருவர் எழுந்தார். ஞானராஜ் அங்கிள். சபைக் கமிட்டிக்காரர், சட்டைக் காலரில் கைக்குட்டை செருகியவர்.

"ஆட்சேபணை உண்டு ஐயா. மாப்பிள்ளைப் பையன் ஞானஸ்நானம் வாங்கி ஒரு மாசங்கூட ஆகலை. இது கல்யாணத்துக்காக வாங்குன ஞானஸ்நானம்."

பாட்டுக் குழுவின் ஆர்மோனியத்துக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் பெங்காலி மாப்பிள்ளை சௌமிக்தா உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில், தமிழ் ஒரு வார்த்தையும் புரியாமல், எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். விசாரணை முடியும்வரை கல்யாணம் நின்றது. அன்றிலிருந்து ஞானராஜ் அங்கிளுக்கு நான் வைத்த பெயர் ஆட்சேபணை அங்கிள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். வெளியே மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். உள்ளே பாட்டுப் பயிற்சி. ஞானராஜ் அங்கிள் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மகன் ராபினுக்கு மலேரியா. ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, இன்றைக்கே ஏற்றியாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கேக்காவ. நான் சுகர்காரன், என்னுதை எடுக்க மாட்டாவளாம். யார்ட்டயாவது கார்டு இருந்தா..."

அந்த அட்டையின் அருமை இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒருமுறை ரத்தம் கொடுத்தால் ஓர் அட்டை. ஒரு வருடத்துக்குள் அதைக் காட்டினால் நம் வீட்டு நோயாளிக்குக் கேள்வி கேட்காமல் ஒரு பை ரத்தம் கிடைக்கும். போன மாதம்தான் பாட்டுக் குழுவில் பெரியவர்கள் எல்லாரும் கொடுத்திருந்தார்கள். அதனால் மறுபடி கொடுக்க முடியாது. அட்டை மட்டும் எல்லாரிடமும் இருந்தது. ஆனால் மலேரியா காலம், நாளை நம் வீட்டுக்கே வேண்டியிருந்தால்? எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். அவரும் எல்லாரையும் பார்த்தார், உங்களைத் தவிர.

உங்கள் அட்டை உங்கள் கைப்பையிலேயே இருந்தது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை உங்கள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நீங்கள் கட்டையைத் தொடாமல் துருத்தியை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தீர்கள். பழைய பெட்டி மூச்சிரைத்தது.

"குடுக்காதிய அக்கா. நம்ம பங்குக்கு நாமளும் ஒரு ஆட்சேபணை சொல்லுவோம்" என்றேன் காதருகே.

"ஏல, வாயை மூடு" என்று எழுந்தீர்கள். "ராபின் எந்த ஆஸ்பத்திரியில இருக்கான், அங்கிள்?"

அட்டையை நீட்டினீர்கள். அவர் வாங்கவில்லை.

"இது உங்க அம்மாவுக்கு வச்சிருக்கதுல்லா?"

"ஆமா."

"அப்ப திங்கக்கிழமை?"

"அம்மாவுக்குத் தேதியைத் தள்ளலாம். அவனுக்குத் தள்ள முடியாது. பிடிங்க."

வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. "ஓலை விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதாம்மா. இதுக்காக மாத்திச் சொல்ல மாட்டேன்."

"மாத்தச் சொல்லி நான் கேக்கலையே. மழை கூடுது, போங்க."

அன்று பஸ்ஸில் உங்களோடு சண்டை போட்டேன். பிறனிடத்தில் அன்புகூரலாம், பிசாசினிடத்திலுமா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ராபினை நெனச்சுத்தான் குடுத்தேன். அவரை எனக்கு இன்னும் பிடிக்கலல. உள்ள எரியுது. கை முந்திக்கிட்டு, அவ்வளவுதான்."

அதற்கு வந்த விலையை நான் பார்த்தேன். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது டாக்குரியா ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது, போனது, நீங்கள் ஏறவில்லை. "நான் என் அம்மாவையே கொன்னுட்டேனால?" என்று என்னிடம் கேட்டீர்கள். வேலை விஷயமாக சிலிகுரி போயிருந்த சௌமிக்தா சேதி கேட்டு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு ரத்த வங்கியில் போய்ப் படுத்தார். மாமியாருக்கு மருமகன் ஆகுமுன்பே ரத்த சம்பந்தம் ஆகிவிட்டார் என்று நான் சொன்ன பிறகுதான் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த உங்கள் அம்மா கட்டிலில் சிரித்தார்கள், தையல் வலிக்க வலிக்க.

ராபின் பிழைத்தான். இப்போது பந்தடித்து ஆலயத்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான். உங்கள் கல்யாணம் குளிர்காலத்தில் சௌமிக்தா வீட்டுப் பக்கத்துப் பெங்காலி ஆலயத்தில் நடந்தது. ஆட்சேபணை அங்கிள் வரவில்லை. அடுத்த மழைக்கு உங்களை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. அடக்கத்தின்போது அவர் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே குடையை விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றார். நான் முகம் கொடுக்கவில்லை. இன்றுவரை.

என் அட்டை இதோ சட்டைப் பையில் இருக்கிறது. லேசான அட்டைதான், ஆனால் கனக்கிறது. யார் வந்து கேட்பார்களோ, அவர்களை எனக்குப் பிடிக்காமல் இருந்தால் என் கை முந்துமோ என்னவோ.

அந்தச் சிங்கம் விஷயம், அக்கா. உங்களிடம் மறைத்து என்ன பயன்? ஊசியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அம்மா" என்று கத்தினேன், வரிசையில் நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கொடுத்து முடித்து எழுந்ததும் விழுந்தேன். கண் திறந்தபோது யாரோ என் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். காலரில் கைக்குட்டை. ரத்தம் கொடுக்க முடியாதவர், முகாம் தவறாமல் வந்து முட்டை உரிக்கிறாராம்.

"உங்கக்கா குடுக்கும்போது கண்ணைக்கூட மூடலல" என்றார். ஒரு முட்டையை உரித்து, உப்புத் தொட்டு, நீட்டினார்.

ஆட்சேபணை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாய் நிறைய முட்டை.