கோணலாகத் தொங்கிய பல்பு

என்னைக் குறை சொல்வதற்கென்றே இந்த வீட்டில் இருந்த என் சம்பூர்ணத்துக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். காலையிலிருந்து மழை விடவில்லை. ராஜகிரி மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்து, உள் அறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஒரு பிடி மண் உதிர்ந்தால்கூடக் கேட்டுவிடும். கேட்டால் என்ன செய்வேன் என்பதுதான் தெரியவில்லை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். நீ ஆசைப்பட்ட கரண்ட் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் நீயே பார்த்திருப்பாய். கூடத்தில் ஒரு பல்பு, உள் அறையில் ஒரு பல்பு. உள் அறையில் அது உத்திரத்திலிருந்து நீளமான வயரில் தொங்குகிறது. என் பயம் அந்தப் பல்பிலிருந்துதான் தொடங்கியது.

உன் அண்ணன் இறந்த பிறகு அவருடைய பெட்டிக் கேமராவை நாம் இருவரும் எடுத்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்க ஏதாவது வேண்டுமே. வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து மலைமேல் இருக்கும் கோட்டையைப் படம் எடுத்தார்கள். நாம் வீட்டுக்குள்ளேயே எடுத்தோம். அடுக்களை, நெல் குதிர், அலமாரி, உள் அறையில் மடித்து வைத்த பாய். இதையெல்லாம் யாராவது படம் எடுப்பார்களா என்று தெருவே சிரித்தது.

படம் கழுவி வந்ததும் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் பரப்பிக்கொள்வோம். 'நன்றாக இருக்கிறது' என்று யாரும் சொல்லக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். கான்வென்டில் எங்கள் தையலை மதர் அப்படித்தான் பார்ப்பார். துணியைத் திருப்பி, பின்பக்கத்து முடிச்சிலிருந்து ஆரம்பிப்பார்.

உன் படங்களில் ஜன்னல் எப்போதும் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நீ கோபித்துக்கொண்டதே இல்லை. "சரி அண்ணி, அடுத்த தடவ அந்த ஜன்னலுக்கு ஒரு பொடவ கட்டி உட்டுடறேன்" என்பாய்.

என் முறை வரும்போது பயத்தில் பாயின் கோரையைப் பிய்ப்பேன். இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்தது கிடையாது. நீ என் உள் அறைப் படத்தைக் கையில் எடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாய்.

"இன்னா அண்ணி இது, சொவரு கள்ளு குடிச்சா மாதிரி நிக்குது!"

"உன் தலைய நேரா வை. சுவரும் நேராயிடும்."

"தலையெல்லாம் நேராத்தான் இருக்குது. இந்தப் படத்துக்குள்ள எல போட்டு ரசம் ஊத்தினா வல்லம் வரைக்கும் ஓடிடும்."

எனக்குக் கோபம் வந்துவிடும். ஸ்டூலின் மேல் தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றி, மட்டம் பார்த்த பிறகுதானே கேமராவை வைப்பேன்? உள் அறையில் வெளிச்சம் போதாது. கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த ஜெபம் ஒன்றை மனதுக்குள் முழுதாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் லென்ஸைத் திறந்து வைத்திருப்பேன், மூச்சுக்கூட விடாமல். அப்படி எடுத்த படத்தைக் கோணல் என்றால்? கடைசி வரைக்கும் நீயும் விடவில்லை, நானும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுகூட வண்டியில் ஏறும்போது, "வந்து பாக்கறேன், நேரா எடுத்து வைங்க" என்றாய்.

நீ போன பிறகு என் படங்கள் நேராகிவிட்டன, சம்பூர்ணம். சுவர் நூல் பிடித்த மாதிரி நின்றது. ஸ்டூடியோ மாணிக்கம் கவரை நீட்டும்போதே "ஃபஸ்ட் கிளாஸ்மா" என்பான். உன்னிடம் காட்ட முடியவில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும்தான்.

உள் அறை இப்போது காலியாக இல்லை. கமலா டீச்சருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். தொண்டூர்ப் பெண். அவள் அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்து அவளைப் படிக்க வைத்தவர். யாரென்று தெரிந்ததும் இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் இடம் தரவில்லை. எனக்கு அவள் பேச்சும் கையெழுத்தும் பிடித்திருந்தன, கொடுத்தேன். எதிர்வீட்டில் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும். டீச்சருடைய புருஷன் பஸ் கண்டக்டர், பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. இப்போது கைக்குழந்தை ஒன்று. உத்திரத்தில் புடவையால் ஏணை கட்டியிருக்கிறாள்.

குழந்தை ஏணையில் தூங்குவதைப் படம் எடுத்துத் தரச் சொன்னாள், அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். எடுத்தேன். போன வாரம் படம் வந்தது. சுவர் நேர், கதவு நிலை நேர். ஆனால் பல்பு கோணலாகத் தொங்கியது.

காற்றோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் ஏணையைப் பார்த்தேன். அதுவும் பல்பு போன பக்கமே போய்க்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"மாணிக்கம், இந்தப் பல்பு ஏன் கோணலாத் தொங்குது?"

"காத்து அடிச்சிருக்கும்மா."

"ஜன்னல் சாத்தியிருந்தது. காத்துல ஆடினா கலங்கித் தெரியும். இது தெளிவா இருக்கு. ஏணையும் அதே பக்கம் போகுது. என் உள் அறையில மட்டும் பூமி பக்கவாட்டுல இழுக்குதா?"

அவன் பிடரியைச் சொறிந்தான். "கோச்சுக்காதீங்கம்மா. படம் சாஞ்சிருந்தது. பெருசு பண்ணும்போது பேப்பரக் கொஞ்சம் திருப்பி வெச்சு நேர் பண்ணிட்டேன்."

"இது ஒண்ணுதானா?"

"இல்லம்மா. சின்னம்மா இருந்த வரைக்கும் அவங்களே உங்ககிட்ட சொல்லிடுவாங்க. அவங்க போயிட்டாங்க. இனிமே யார் சொல்றது? எனக்கு உங்களக் கண்டா பயம்மா."

"கூடத்துப் படத்தையும் திருப்பினியா?"

"அதுக்கு ஒண்ணுமே செய்யறதில்ல. அது எப்பவும் நேராத்தான் வருது. உள் ரூம் படந்தான் சாயுது. அதுவும் வரவர ஜாஸ்தியாயிட்டே போவுது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை. திருப்பாமல் ஒரு படம் போட்டுக் கொடு என்றேன். இன்று காலை மழைக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அதில் பல்பு நேராகத் தொங்குகிறது. ஏணை நேராகத் தொங்குகிறது. சுவர்தான் சாய்ந்திருக்கிறது.

படம் சாய்கிறது என்று நீ சொன்னாய். நான் நேராகத்தான் வைத்தேன் என்று நான் சொன்னேன். நம்மில் ஒருத்தி தப்பாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இரண்டு பேரும் சரி, சம்பூர்ணம். அதனால்தான் எனக்குப் பயம்.

சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டார் மண் எடுத்த பள்ளம் உனக்குத் தெரியும். இப்போது அது குளமாக நிற்கிறது. சுவர் அந்தப் பக்கமாகப் போகிறது. அது போனால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உத்திரத்தின் நுனி என்ன ஆகும்? ஏணை எதில் தொங்குகிறது?

நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள் அறை வாசலில் நின்றேன். டீச்சர் காலால் ஏணையை ஆட்டிக்கொண்டே பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் எங்கே போவாள்? இது தெரிந்தால் டில்லியில் இருக்கும் என் மகன், வீட்டை விற்றுவிட்டு வா என்று அடுத்த ரயிலில் வந்து நிற்பான். நான்தான் எங்கே போவேன்?

"கமலா, கொழந்தையத் தூக்கு" என்றேன்.

"ஏன்மா?"

"தூக்குன்னு சொன்னா தூக்கு. இந்தச் சுவர் சாயுது."

அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். ஆனால் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஆடி மாசத்துலேர்ந்து கதவு சரியா சாத்த மாட்டேங்குதும்மா. அடியில தேய்க்குது. மேல ஒரு விரிசல் இருக்குது, காலண்டர மாட்டி வெச்சிருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா காலி பண்ணுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. இந்த ஊர்ல எனக்கு வேற யார் வூடு குடுப்பாங்க?"

காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். விரிசலில் என் சுண்டுவிரல் போயிற்று.

மாணிக்கம் என்னிடம் பயந்தான். இவள் என்னிடம் பயந்தாள். எல்லோரும் என்னிடம் பயந்துகொண்டு, படத்தைத் திருப்பியும் காலண்டரை மாட்டியும் அந்தச் சுவரை எனக்காக நேராக நிறுத்தி வைத்திருந்தார்கள். உன் ஒருத்திக்குத்தான் என்னிடம் பயம் இல்லை. நீ இருந்திருந்தால் சாய்வது ஏறிக்கொண்டே போகிறது என்று ஆறு மாதம் முன்னாலேயே என் தலையில் குட்டியிருப்பாயே!

டீச்சரையும் குழந்தையையும் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். உன் அண்ணன் படத்துக்கு நேர் கீழே அவர்கள் பாய். ஏணையை ஊஞ்சல் கொக்கியில் கட்டியாயிற்று. உள் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன். தெருவில் கேட்டால் கேட்கட்டும். வல்லத்துக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். மழை நின்றால்தான் வருவாராம். இடிக்க வேண்டும் என்பாரா, முட்டுக் கொடுத்தால் நிற்கும் என்பாரா? அதற்குள் அது நிற்குமா?

இதை எழுதும்போதே ஏதோ உதிர்ந்த மாதிரி சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். மழைதான் போலிருக்கிறது.

திருப்பாத படத்தை மகனுக்கு நாளைத் தபாலில் அனுப்புகிறேன். எதையும் மறைக்கவில்லை. வந்து சண்டை போடட்டும், நானும் போடுகிறேன். அனுப்புவதற்கு முன் டீச்சரிடம் கொடுத்து நம் சட்டத்தைச் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது, முதலில் குறைதான். அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சொல்லு. நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்."

"இதுல... பாப்பா மொகமே தெரியலம்மா. வெறும் துணிதான் தெரியுது."

என் விரல் பாயின் கோரையைப் பிய்க்கத் தொடங்கியது, சம்பூர்ணம். நீ போன பிறகு இன்றைக்குத்தான் அப்படிப் பிய்த்தேன். உண்மைதான். சுவரைப் பார்த்தேன், பல்பைப் பார்த்தேன், எடுக்கச் சொன்ன குழந்தையை மட்டும் விட்டுவிட்டேன். நீயாக இருந்தால் இதையே சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தச் சுவர் நின்றாலும் விழுந்தாலும், மழை விட்டு வெயில் அடிக்கிற முதல் நாள், கூடத்து வெளிச்சத்தில் குழந்தையின் முகத்தை எடுப்பேன். ஸ்டூலில் தண்ணீர் வைத்து மட்டம் பார்ப்பேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடுப்பேன். மாணிக்கம் அதைத் தொட்டுத் திருப்பக்கூடாது. டீச்சர் சொல்கிற குறையைப் பதில் பேசாமல் கேட்பேன். கேட்டுவிட்டு, நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று அவளுக்கும் சொல்வேன்.

இப்படிக்கு,
கை கோணாத உன் அண்ணி,
மரகதம்