இளமதியின் ஞாயிற்றுக்கிழமை சாண்ட்விச்

16 ஜூன் 2025, திங்கள்

இளமதி நேற்று மாலை போய்விட்டாள். மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறு மட்டும் என் மகள் ஆரணியில் என்னோடு. மற்ற நாளெல்லாம் சென்னையில் அவள் அப்பாவோடு. இன்று கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நேற்றைய இட்லியைத்தான் டப்பாவில் வைத்துக்கொண்டேன். அவளுக்கென்று வார்த்தது. ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டாள்.

“புடிக்கலையா கண்ணு?”

“பிடிக்கும்மா. சண்டேன்னா நானும் அப்பாவும் பர்கர் கடைக்குப் போவோம். அங்க காலைல மட்டும் ஒரு எக் சாண்ட்விச் குடுப்பாங்க. பதினோரு மணி வரைக்கும்தான்.”

விரலை வளைத்து அளவு காட்டினாள். வட்டமான பன், அதே அளவில் முட்டை, மேலே சீஸ், அடியில் ஒரு கறி வில்லை. இரண்டு நாளில் அவள் தானாகப் பேசிய நீளமான பேச்சு அதுதான். பதினோரு வயதுப் பெண். முன்பெல்லாம் வாயை மூடு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அதை நான் செய்தால் என்ன? அவள் வர இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது.

18 ஜூன், புதன்

செய்யாறு கம்பெனிக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் வீடியோ பார்த்தேன். அந்த பன்னுக்கு மஃபின் என்று பெயராம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கேட்டேன். கடைக்காரர் கப் கேக்கை எடுத்து நீட்டினார்.

22 ஜூன், ஞாயிறு

முதல் முயற்சி. பேக்கரி பன்னையே அறுத்து வெண்ணெயில் வாட்டினேன். ஒரே தித்திப்பு. முட்டை தோசைக்கல்லில் போன போக்குக்கு ஓடியது. மடித்து மடித்து உள்ளே திணித்தேன். பக்கத்து வீட்டு லீலாக்கா பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தவள், தீய்ந்த வாசனைக்கு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி திலகா இது? ஆம்லெட்டுக்கு சொக்கா மாட்டி வுட்டுகினு கீற!”

சிரித்துவிட்டேன். அப்புறம் யாருக்காக என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வாய் பிய்த்துத் தின்றாள்.

“சக்கரை இல்லாத பன்னு வோணும். நீயே மாவு பெசைஞ்சி பாரேன்.”

25 ஜூன், புதன்

கம்பெனியில் என் லைனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கனிமொழி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்களுக்கு எத்தினி பசங்கக்கா?”

“ஒரே பொண்ணு. சென்னையில படிக்குது.”

“ஹாஸ்டலா?”

ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, மூன்று மாதத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு ஆரணிக்கு வந்தேன். இளமதி இரண்டாம் வகுப்பு. படிப்பு கெட்டுவிடும் என்று அங்கேயே விட்டேன். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, ஒரு வருடமாயிற்று. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. இளமதியின் அப்பா ஜெயக்குமார் அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். அந்த வீட்டின் மௌனத்துக்குத் திரும்ப வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது மீதிப் பாதி. விவாகரத்தின்போது, பிள்ளை அவரிடமே இருக்கட்டும் என்ற தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். அப்பா போன வருடம் போய்ச் சேர்ந்தார். வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளை மட்டும் இல்லை.

பேசாத மனுஷன்கிட்ட ஒரு ஏழு வயசுக் கொழந்தைய விட்டுட்டு வந்திருக்கேன். என்னால முடியாததை அது எப்படித் தாங்கும்னு ஒரு நாளாவது நெனச்சேனா?

29 ஜூன், ஞாயிறு

மாவு நேற்றே பிசைந்து வைத்தேன். மைதா, ஈஸ்ட், பால், உப்பு. காலையில் பொங்கியிருந்தது. டம்ளரால் வட்டம் வெட்டி, இரண்டு பக்கமும் ரவை தூவி, தோசைக்கல்லில் மிகச் சின்ன தீயில் மூடி வைத்துச் சுட்டேன். ஓவனே தேவையில்லை. பக்கத்துக்கு ஏழு நிமிடம்.

முட்டைக்கு வளையம் வேண்டும். லீலாக்காவின் வீட்டுக்காரர் கந்தசாமி அண்ணன் பவர்லூம் பழுது பார்ப்பவர். பால் டின் ஒன்றை மேலும் கீழும் அறுத்து, கையைக் கிழிக்காதபடி விளிம்பை ராவிக் கொடுத்தார். உள்ளே வெண்ணெய் தடவி முட்டையை ஊற்றி, மஞ்சள் கருவைக் குத்திவிட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடினேன். வட்டமாக நின்றது!

கொத்திய கோழிக்கறியில் மிளகும் உப்பும் போட்டுத் தட்டியது சுடச்சுடச் சுருங்கிவிட்டது. அடுத்த தடவை இன்னும் அகலமாகத் தட்ட வேண்டும்.

லீலாக்கா கண்ணை மூடி மென்றாள். “அதே மாதிரி கீது.”

“நீ அத்த துன்னிருக்கியாக்கா?”

“இல்ல. இருந்தாலும் அதே மாதிரிதான்.”

நானும் தின்றதில்லையே. எதைப் பார்த்து எதைச் செய்துகொண்டிருக்கிறேன்?

6 ஜூலை, ஞாயிறு

முதல் பஸ் பிடித்து வேலூர் போனேன், அந்த பர்கர் கடைக்கு. இதற்காக ஒரு பொம்பளை பஸ் ஏறிப் போவாளா என்று வழியெல்லாம் வெட்கம். ஒன்று வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையை விடச் சின்னது. முட்டையில் உப்புகூட இல்லை. பன்னில் வெண்ணெய் அதிகம். சீஸ் உருகி ஓரத்தில் ஒட்டியிருந்தது, அதுதான் ருசி.

இதிலென்ன இருக்கிறது என்று தோன்றியது. என்னுடையதே மேல். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

11 ஜூலை, வெள்ளி

நாளை வருகிறாள். சீஸ், கோழிக்கறி, பட்டர் பேப்பர் எல்லாம் வாங்கியாயிற்று. ஜெயக்குமார் போன் செய்தார். கொண்டுவந்து விடும்போது ஒரு விஷயம் பேச வேண்டுமாம்.

13 ஜூலை, ஞாயிறு மாலை

அவள் போய் அரை மணி நேரம் ஆகிறது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை ஜெயக்குமார் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“புனேவுக்கு மாத்திட்டாங்க திலகா. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதிக்குள்ள போகணும். பாப்பாவக் கூட்டிட்டுப் போறதுன்னா நீ சம்மதிக்கணும்.”

“அவ என்ன சொல்றா?”

“நான் கேக்கல. நீயே கேளு. உன்கூட இருக்கேன்னு சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. எனக்குள் ஒரு பெரிய ஆசை எழுந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை: காலையில் அந்த சாண்ட்விச்சைத் தின்றால் அவள் என்னோடு இருந்துவிடுவாள் என்றே நம்பினேன்.

இன்று காலை ஆறு மணிக்கே எழுந்து எல்லாம் செய்தேன். ஒன்றும் பிசகவில்லை. பட்டர் பேப்பரில் சுற்றி, கடையில் கொடுப்பதுபோல் தட்டில் வைத்தேன். பிரித்துப் பார்த்து, “ஐ!” என்றாள். முழுவதும் தின்றாள். ஓரத்தில் ஒட்டிய சீஸையும் வழித்துத் தின்றாள்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா. தேங்க்ஸ்.”

தேங்க்ஸ். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி, ஈரத் தட்டோடு நின்று கேட்டாள்: “இத எங்க வைக்கணும்மா?”

விருந்தாளியாக ஒரு வீட்டுக்குப் போனால் இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தட்டை வாங்கி நானே வைத்தேன்.

“கடையில குடுக்கறத விட நல்லா இருக்கா?”

“ம். அங்க நான் பாதிதாம்மா சாப்பிடுவேன். மீதிய அப்பா சாப்பிடுவாரு. அங்க போனா அவரு போனை எடுக்க மாட்டாரு. எல்லாக் கதையும் சொல்லுவாரு. அதான் பிடிக்கும்.”

நான் ஒரு மாதமாக மாவு பிசைந்தேன். பிள்ளைக்குப் பிடித்தது மாவிலே இல்லை.

அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை. புனே விஷயத்தைச் சொல்லி, “அம்மாகூட இங்கயே இருந்துடறியாடா?” என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் வராமல், உதட்டைக் கடித்துக்கொண்டு.

“நான் வந்துட்டா அப்பா தனியா இருப்பாரும்மா.”

நானும் தனியாத்தானே இருக்கேன். நாக்கு வரை வந்தது. முகத்தில் தெரிந்துவிட்டது போலும், அவளே சமாதானமாகச் சொன்னாள்.

“உனக்குதான் பழகிடுச்சேம்மா.”

15 ஜூலை, செவ்வாய்

பழகிடுச்சாம். எதுடி பழகிடுச்சு? எது?

20 ஜூலை, ஞாயிறு

லீலாக்கா நேற்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். “பெத்தவ நீ. வாயை மூடிகினு இருந்தா எவன் குடுப்பான்? ஜல்தியா ஒரு வக்கீலப் பாரு. கொழந்த அழுதுகினே ரெண்டு நாளு கெடக்கும், மூணாவது நாளு சரியாப் பூடும்.”

அவளே கூட்டிக்கொண்டு போனாள். வக்கீல் சாவித்திரி அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“கேஸ் போடலாம்மா. நீதிபதி பாப்பாவத் தனியாக் கூப்பிட்டு, யார்கிட்ட இருக்கேன்னு கேப்பாங்க. அவ என்ன சொல்லுவா?”

“தெரியுங்க.”

“தெரியும்னா?”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தக் கேள்விக்கு என் முன்னால் பதில் சொல்லவே இளமதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் மறுபடியும் சொல்ல வைப்பதா? நான்கு வருடத்துக்கு முன்னால் என் நிம்மதியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போதும் அதையே செய்வதா?

வெளியே வந்ததும் லீலாக்கா, “பேஜார் புடிச்சவளே” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

27 ஜூலை, ஞாயிறு

சம்மதக் கடிதம் எழுதி ஜெயக்குமாருக்கு அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டேன் என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று: “லீவுக்கெல்லாம் அனுப்பி வைக்கிறேன்.”

10 ஆகஸ்ட், ஞாயிறு

புனே போகுமுன் கடைசி முறை. சாண்ட்விச் செய்யச் சொல்லிக்கொடு என்று இளமதியே கேட்டாள். அளவையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். முட்டையை உடைக்கும்போது ஓடு உள்ளே விழுந்துவிட்டது, இருவரும் சேர்ந்து தேடினோம். என் தோளில் அவள் தலை இடித்துக்கொண்டே இருந்தது. கடையில் கிடைக்காது என்று டின் வளையத்தைக் காகிதத்தில் சுற்றி அவள் பையில் வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு முனையில் அவள் அப்பாவின் கார் திரும்பும்வரை கையாட்டினாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. திங்கட்கிழமைக்குக் கம்பெனிச் சட்டையும் புடவையும் இஸ்திரி போட்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காலை ஏழே முக்காலுக்கு வீடியோ கால். புனே வீட்டுச் சமையலறை. பிரிக்காத அட்டைப்பெட்டிகள். இளமதியின் மூக்கிலெல்லாம் மாவு.

“அம்மா, கையில ஒட்டுதும்மா! என்ன பண்ணட்டும்?”

“ரவைய கையிலயும் தடவிக்கோ கண்ணு. அடுப்பு சிம்ல இருக்கா?”

“இருக்கு.”

போனை எதன்மீதோ சாய்த்து வைத்தாள். அது சரிந்துவிட்டது. அதன்பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரையும் ஃபேனின் ஒரு இறக்கையும்தான். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது திருப்பு. தண்ணீர் தெளி. மூடு. “சரிம்மா, சரிம்மா” என்று அவள் குரல் மட்டும் வந்தது. பிறகு, “அப்பா, வாங்க! ஆறிடும்!”

நாற்காலி இழுபடும் சத்தம். ஜெயக்குமாரின் குரல்.

“கடை மாதிரியே இருக்கேடா!”

“அம்மா சொல்லிக்குடுத்தது.”

அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். ஆபீஸில் தன் இந்தியைக் கேட்டு எல்லோரும் சிரித்ததை, தப்பான பஸ்ஸில் ஏறி ஊருக்கு வெளியே போய் இறங்கியதை. இளமதி விழுந்து விழுந்து சிரித்தாள். எட்டு வருடம் அந்த மனிதரோடு இருந்தேன். அவருக்கு இவ்வளவு பேச வரும் என்று இன்றுதான் கேட்கிறேன்.

நான் இருப்பது அவர்கள் நினைவில் இல்லை. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. பேச்சு வேறு அறைக்குப் போனது. எங்கோ ஒரு கதவு. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான்தான் நிறுத்தினேன். ஐம்பத்திரண்டு நிமிடம் என்று காட்டியது.