செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், தொண்டையைத் தவிர. ஆசிரியர் பயிற்சிக்காக என்னை அனுப்பியிருக்கும் அரசுப் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். நடுவில் ஒரு பீரோதான் சுவர். அந்தப் பக்கம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் நான். ஜன்னலுக்கு வெளியே பஸ் டிப்போ வேறு. கடைசி பெஞ்சில் எழுத்துக் கூட்டவே தெரியாத ஆறு பேர். அவர்களைப் பார்த்தால் நம் பாப்பா ஞாபகம்தான். உன் மகளுக்கு ஒரு வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததற்காக, "நீ வாத்தியார் வேலைக்குத்தான் லாயக்கு" என்று என்னை இதில் தள்ளிவிட்டவள் நீ. மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். அடுத்த மாதம் மேற்பார்வையாளர் வந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். தவறினால் வருஷமே பாழ்.

உன் தம்பி

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. கத்தாதே. பாப்பாவிடம் நீ ஒரு நாளும் கத்தியதில்லை, அதனால்தான் அவளுக்கு நாலு வரியாவது வந்தது. இன்னும் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறாள். ஆனால் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போக அழுவதில்லை. டீச்சர் அவளுக்கு ஒரு பொறுப்புக் கொடுத்திருக்கிறாராம். அதிகாரிகள் யார் வந்தாலும், அன்றைக்குப் பின்பக்கத்துச் செடிகளுக்கு இவள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலெல்லாம் சேறாக வந்து நிற்கிறாள், தலைகால் புரியாத சந்தோஷம். "மாமாவுக்கு எழுதும்மா" என்று ஒரே நச்சரிப்பு. எனக்கும் பெருமைதான்.

அக்கா

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

தேறிவிட்டேன், அதுவும் முதல் கிரேடில். மேற்பார்வையாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பயந்து செத்ததெல்லாம் வீண். அன்று காலை வகுப்பு ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த ஆறு பேரை உக்கார வச்சுக்கிட்டு எப்படித் தம்பி மார்க் வாங்குவே?" என்றார். பந்து, வளையமெல்லாம் துடைக்கச் சொல்லி அவர்களை விளையாட்டுச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டோம். அதுகளுக்கும் ஒரே குஷி. எல்லாப் பள்ளியிலும் வழக்கம்தானாம். மிச்சப் பிள்ளைகள் பிரமாதமாகப் பதில் சொன்னார்கள். விடுமுறைக்கு வருகிறேன். பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

உன் தம்பி

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். போன கடிதத்தில் உனக்கு நான் என்ன எழுதியிருந்தேன் என்று அப்புறம்தான் யோசித்தேன். நீயும் யோசித்துப் பார்.

எனக்கு வயிறு எரிகிறது. பாப்பாவின் டீச்சர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை, அந்த அம்மா யாரோ. உன்னை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த ஆறு பேர் மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் உன்னை வாத்தியாராகப் போ என்று தள்ளினேன்.

விடுமுறைக்கு வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு போட என்னால் முடியாது.

பாப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நாளை அவள் பள்ளிக்கு யாரோ வருகிறார்களாம். சீருடை நனையக்கூடாது என்று பழைய சட்டை ஒன்றைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

அக்கா