சுக்குக் காப்பியோடு நீ காத்திருந்த காலை

இன்று காலை விறகுக்கடை வாசலில் ஈரச் சவுக்குக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். நீ போய் ஆறு வருடமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

அந்த மார்கழியில் நாம் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஒரே ஷிப்டில் இருந்தோம். ஞாயிறு காலைகளில் கால்வாய்க் கரையோடு எண்ணூர் முகத்துவாரம்வரை நடப்போம். சவுக்குக் கட்டை ஏற்றிய படகுகளைக் கழியால் தள்ளிக்கொண்டு போவார்கள். தண்ணீர்மேல் பனி கிடக்கும். நீ பேசிக்கொண்டே வருவாய். அந்த மாதம் நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. அதில் எது பொய் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சங்கம் அமைக்க ரகசியமாகக் கூடிய நம் ஏழு பேரில் மூவரை நிர்வாகம் வெளியே அனுப்பியிருந்தது. உள்ளிருந்து யாரோ பெயர் கொடுத்திருக்க வேண்டும். மிஞ்சிய நால்வரில் ஒருவனான கன்னியப்பன் என்னைத் தனியே கூப்பிட்டான். "உன் தோஸ்து மானேஜர் பங்களா பின்வாசல்ல நின்னுகினு இருந்தான். நானே பாத்தேன்."

அதற்கடுத்த நடையில், "மறுபடி எப்போ கூட்டம் மாமு?" என்று நீ சாதாரணமாகக் கேட்டாய். இவன் ஏன் கேட்கிறான் என்று என் மனம் சுருங்கியது. மானேஜர் பங்களாப் பக்கம் போவதுண்டா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தேன்.

"அங்க எனக்கு இன்னா வேலை?" என்றாய், தண்ணீரைப் பார்த்தபடி.

பொய் சொல்கிறாய் என்று தெரிந்தது. நானும் ஒரு பொய் சொன்னேன். "வர ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் உப்பளத்தாண்ட படகுத்துறையில கூட்டம். நாலு பேரும் வரோம்." வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அங்கே போலீஸோ மானேஜரின் ஆளோ வந்தால் காட்டிக்கொடுத்தவன் நீதான்.

அன்று நான் முன்னதாகவே போய் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். போலீஸ் வரவில்லை. நீ வந்தாய். தலையில் துண்டு, ஒரு கையில் தூக்கு நிறையச் சுக்குக் காப்பி, மறு கையில் நாலு தம்ளர். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாய். பிறகு ஆறிப்போன காப்பியைப் படகுக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வெறும் தூக்கோடு திரும்பினாய். எனக்கு வெளியே வர முகமில்லை.

மறுநாள், "இன்னாபா, ஒருத்தரும் வரலியே?" என்றாய்.

"கூட்டம் கேன்சல். சொல்லியனுப்ப மறந்துட்டேன்."

நீ என்னைச் சற்று நேரம் பார்த்தாய். "சரி, வுடு மாமு" என்றாய். அதற்கப்புறம் எந்த ஞாயிறும் நீ நடக்க வரவில்லை. கால் வலி என்றாய். பொங்கல் கழிந்ததும் கன்னியப்பனை மேஸ்திரி ஆக்கினார்கள். யார் பெயர் கொடுத்தது என்று அப்போது புரிந்தது. அப்போதும் நான் உன்னிடம் வாய் திறக்கவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி வசந்தாவிடம் பங்களாவைப் பற்றிக் கேட்டேன். "நான்தாண்ணே அங்க பாத்திரம் தேச்சிகினு இருந்தேன். சங்கத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சா கேவலம்னு சொல்லமாட்டாரு. என்னை வூட்டுக்கு இட்டுகினு வரத்தான் பின்வாசலுக்கு வருவாரு."

பிறகு அவளே சொன்னாள்: "அன்னிக்குக் காப்பி எடுத்துகினு போனாரே, வந்து உங்களப் பத்திதான் சொன்னாரு. அவன் விறகுக்குப் பின்னாடி குளிர்ல நின்னுகினு இருந்தான், ஒரு தம்ளர் குடுக்கலாம்னு பாத்தேன், கூப்ட்டா அவமானப்பட்டுடுவான்னு வந்துட்டேன்னாரு."

இப்போதெல்லாம் யாராவது இன்னொருவரைப் பற்றி என் காதில் ஓதினால், எழுந்து நேரே அந்த ஆளிடமே போய்க் கேட்டுவிடுகிறேன். உன்னிடம்தான் கேட்காமல் போய்விட்டேன்.