எரியோட்டு ரோட்டில் அறுந்த ஒயர்

இன்று காலை பேரன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். "ஆக்சிலேட்டர் ஒயர் அத்துப்போச்சு அப்பத்தா" என்று அறுந்த முனையைக் காட்டினான். இழை இழையாகப் பிரிந்து கிடந்தது. கிரீஸ் வாடை வேறு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் அந்த வாடை என்னை எரியோட்டு ரோட்டுக்கே கொண்டுபோய்விடுகிறது.

நமக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். திண்டுக்கல் நாகல் நகரில் நீங்கள் வாடகைக்கு ஓட்டிய அந்தப் பழைய காரில்தான் குஜிலியம்பாறைக்குப் போனோம். அங்கே உங்கள் தங்கை ராசாத்தி முதல் நாளிலிருந்தே பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். இனி என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ராசாத்தியையும் அவள் மாமியாரையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குத் திரும்பினோம். உச்சி வெயில்.

எரியோடு வருவதற்குச் சற்று முன்னால், மிதிக்க மிதிக்க வண்டி தளர்ந்து நின்றது. பானெட்டைத் திறந்தீர்கள். ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தது. முன்னும் பின்னும் ரோட்டில் ஒரு வண்டி இல்லை. "அண்ணே, நிக்காத" என்றாள் ராசாத்தி. குரல் பாதிதான் வந்தது.

பிரசவத்துக்கென்று நான் கட்டிவந்த துணி மூட்டையைக் கேட்டீர்கள். என் பழைய பாவாடைகளிலிருந்து நாடாவை உருவி, ஒன்றோடொன்று முடிந்து, ஒரு முனையை அந்த ஒயர் போய்ச் சேரும் கார்புரேட்டரில் கட்டினீர்கள். மறுமுனையை பானெட் இடுக்கு வழியாக என் ஜன்னலுக்குக் கொண்டுவந்து கையில் கொடுத்தீர்கள்.

"நான் சொன்னா இழு. விடுன்னா விட்ரு. யோசிக்காத."

கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் வண்டி பாய்ந்தது, ராசாத்தி அலறினாள். தளர்த்தினால் எஞ்சின் திணறியது. எதிரே மாட்டுவண்டி வந்தபோது நீங்கள் விடச் சொன்னீர்கள். பயத்தில் என் விரல்கள் பிரியவே இல்லை. நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்க, கார் ஓரப் புழுதியில் இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நாடாவில் எந்த முடிச்சு முதலில் நழுவும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "போன வாரமே அந்த ஒயரப் பாத்தேன். ரெண்டு இழை விட்டுருந்துச்சு. முகூர்த்த மாசம், வண்டிய நிப்பாட்ட மனசு வரல. அவகிட்ட சொல்லிராத."

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீங்கள் தவறவிட்டதில்லை. என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு ஒயரின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பீர்கள். சோக் ஒயர், ஹேண்ட்பிரேக் ஒயர் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடுவீர்கள். ஓர் இழை விரலில் குத்தினாலும் அன்று சவாரி கிடையாது. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் ராசாத்தி மகனோடு வந்து, "எங்கண்ணன் இல்லாட்டி நானும் இல்ல, இவனும் இல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லும்போது, நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவீர்கள்.

உங்களைக் கிடத்தியிருந்தபோதும் அதையேதான் சொல்லி அழுதாள். போன மாதம் வந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதே பேச்சு. அந்த ரெண்டு இழை விஷயத்தைச் சொன்னால் கோபப்பட மாட்டாள், எனக்குத் தெரியும். வாய்வரை வந்தது. "ஆமா, ராசாத்தி" என்று மட்டும் சொன்னேன்.