பதிவாகாத ஒன்பது சிலிண்டர்கள்

7 மார்ச் 1994, திங்கள்
சிவாஜிநகரில் பஸ் கிடைக்காமல் பீன்யா ஃபேக்டரிக்குப் போய்ச் சேர எட்டே முக்கால். போனதுமே மேனேஜர் ஸ்ரீகண்டன் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கடைசியாக அழுத்தச் சோதனை செய்த ஒன்பது ஆக்சிஜன் சிலிண்டர்களின் அளவுகள் கம்ப்யூட்டரில் இல்லையாம். நான் ஏற்றினேன், சங்கு ஊதும்வரை கை நிற்காமல். ஒவ்வொன்றுக்கும் திரையில் ‘சேவ்டு’ என்று வந்தது. அளவுகளைக் குறித்த துண்டுச் சீட்டு எங்கே என்று கேட்கிறார். ஏற்றியதும் கிழித்துப் போடச் சொன்னதே அவர்தான். பஸ்ஸைப் பிடிக்க, ஏற்றாமலே ஓடிவிட்டேனாம்.

8 மார்ச்
மெமோ. வெள்ளிக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை. நான் அழவில்லை. பஸ்ஸில் கொஞ்சம் அழுதேன்.

9 மார்ச்
போன மாதம் வரை இப்படி ஆனதில்லையே? போன மாதம்தானே புரோகிராமர் பாலசுப்ரமணியன் வந்து, ‘கேஷ்’ என்று எதையோ போட்டு கம்ப்யூட்டரை வேகமாக்கிவிட்டுப் போனார். முன்பெல்லாம் பெட்டி நாலு விநாடி கரகரத்துவிட்டுத்தான் ‘சேவ்டு’ சொல்லும். இப்போது உடனே சொல்கிறது, கரகரப்பது அப்புறம். இதை இன்றுதான் கவனித்தேன். ஐந்தரைக்குச் சங்கு ஊதியதுமே வாட்ச்மேன் நாராயணசாமி மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுகிறார் — அப்படியென்றால், எழுதாமலே எழுதியாச்சு என்கிறதா இது?

10 மார்ச்
சாப்பாட்டு நேரத்தில் நாராயணசாமியைக் கெஞ்சினேன், நான் கை காட்டும்போது கம்ப்யூட்டர் ரூம் ஸ்விட்சை அணையுங்கள் என்று.
“பெட்டி கெட்டுப் போச்சுன்னா என் தலையிலதானம்மா விடியும்.”
என் தலையில் ஏற்கெனவே விடிந்துவிட்டது என்றேன். அணைத்தார். பொய் எண்களாக ஏற்றிப் பார்த்தேன். ‘சேவ்டு’ வந்ததுமே அணைத்தால் காணோம். பத்து எண்ணிவிட்டு அணைத்தால் இருக்கிறது. ஆறு தடவை பார்த்தேன், ஆறு தடவையும் அப்படித்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

11 மார்ச், வெள்ளி
விளக்கம் எழுதவில்லை. மேனேஜரையே உட்கார வைத்து, அவர் பெயரை அடிக்கச் சொன்னேன். ‘சேவ்டு’ வந்தது. பார்த்தீர்களா என்று கேட்டேன், பார்த்தேன் என்றார். அணைத்தோம். திரும்பப் போட்டால் ஸ்ரீகண்டன் என்று ஒருவரும் இல்லை. இன்னொரு தடவை அடித்தார். இல்லை.

பாலசுப்ரமணியனுக்கு போன் போட்டார். அவர் ஒத்துக்கொண்டாராம்: அளவு முதலில் மெமரியில்தான் நிற்கும், தட்டுவதை நிறுத்தி ஐந்து விநாடி ஆனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து டிஸ்கில் எழுதும், அதற்குள் கரென்ட் போகும் என்று யோசிக்கவில்லை. தினமும் கரென்ட் போகிற பெங்களூரில் இருந்துகொண்டு இதை யோசிக்கவில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மேனேஜர் மெமோவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

12 மார்ச்
ஒன்பதையும் மறுபடி சோதித்தார்கள். ஒன்று கசிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. போன வார வெள்ளிக்கிழமை நான் ‘ஃபெயில்’ என்று ஏற்றிய அதே சிலிண்டர்.

15 மார்ச்
கேஷை எடுத்தாயிற்று. பழையபடி வரிக்கு நாலு விநாடி. சங்கு ஊதும்போது இன்னும் மூன்று வரி பாக்கி. மேனேஜர் பையோடு வந்து கதவருகே நின்றார், பின்னால் நாராயணசாமி.
“ஆயிடுச்சா, டோரீன்?”
“இல்ல சார். நில்லுங்க.”
நின்றார்.