ஈர ரோட்டில் ரவியின் கார்

ஜூலை 4, வெள்ளி
காலையிலிருந்து அடைமழை. துணி ஒண்ணும் காயலை. ரவியோட காரை வாரம் ஒரு தடவையாவது எடுக்கணும், இல்லேன்னா பேட்டரி போயிடும். கப்பல் வேலைக்குக் கிளம்பறப்போ சொல்லிட்டுப் போன ஒரே வேலை. ரெண்டே சீட். அவர் சீட்டுல நான், என் சீட்டுல ஹேண்ட்பேக்.

வடாலா பாலம் இறங்கற வளைவு. ஆக்ஸிலேட்டரை லேசாத்தான் மிதிச்சேன். பின்பக்கம் மட்டும் தனியா கழண்டு போற மாதிரி வழுக்கி, அரை சுத்து. நின்னப்போ வந்த திசையைப் பார்த்துண்டு நிக்கறேன். நல்லவேளை, பின்னாடி வண்டி எதுவும் இல்லை.

மாமியார்: "முகம் ஏண்டி வெளுத்திருக்கு?"
"பசிம்மா."

ஜூலை 5, சனி
ரவிகிட்டேர்ந்து ஃபோன். விட்டு விட்டுக் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"வண்டியில கீறல் ஏதாவது?"

"இல்லை."

"பின் சக்கரம் தள்ளற வண்டி அது. ஈரத்துல பார்த்து மிதிக்கணும். உன..."

கட். உனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்க வந்திருப்பார். அப்படித்தான் வெச்சுக்கறேன்.

அப்புறம் மெசேஜ். இருபதாம் தேதி வரேன். ஏர்போர்ட்டுக்கு நீயே வா, நம்ம கார்ல.

திரும்பத் திரும்பப் படிச்சேன்.

ஜூலை 8, செவ்வாய்
சயான், டயர் கடை. செல்வம், திருநெல்வேலிப் பேச்சு. "யக்கா, இது காஞ்ச ரோட்டுல வெரட்டுறதுக்குன்னே உள்ள டயரு. மேல உள்ள பட்டனும் தேஞ்சு மொழுமொழுன்னு போச்சு. தண்ணியில எப்படி பிடிக்கும்?"

ரவி ஆசையா தேடிப் போட்ட டயர். மாத்தினா கோபம் வரும். வரட்டுமே. எதிர்ல நின்னு கோவிச்சுக்கட்டும்.

நாலும் மழை டயர்.

ஜூலை 17, வியாழன்
முருங்கைக்காய். சேனை. அவர் தலைகாணிக்கு உறை. பச்சைப் புடவை இஸ்திரி. மாமியார் பார்த்துச் சிரிச்சார். "ஏர்போர்ட்டுக்கா, கல்யாணத்துக்கா?"

ஜூலை 19, சனி
கப்பலுக்கு மாத்து ஆள் வரலையாம். ரவிக்கு இன்னும் ரெண்டு மாசம்.

மாமியார் முருங்கைக்காயை எடுத்து உள்ளே வெச்சார்.

ஜூலை 20, ஞாயிறு
கொட்டறது. சாவியை எடுத்தேன். "எங்கேடி இந்த மழையில?" "சும்மா, ஒரு சுத்து."

ஏர்போர்ட். வெளியே வர்றவா, கட்டிக்கறவா, பெட்டியை இழுக்கறவா. ஓரமா நிறுத்திப் பார்த்துண்டே இருந்தேன். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி ஹிந்தியில், யாருக்காக நிக்கறீங்கன்னார்.

ஹஸ்பெண்டுன்னு வாயில வந்துடுத்து.

"ஃப்ளைட் லேட்டா?"

"ஆமா. ரொம்ப லேட்."

குடையைச் சாய்ச்சு உள்ளே பார்த்தார். "நின்னுக்கோங்க, அஞ்சு நிமிஷம்"னு நகர்ந்துட்டார்.

நின்னேன்.